கணிதம் திறந்த கதவுகள்: வில்லியம் லாம்டன் வாழ்வும் நம் மாணவர்க்கு அது தரும் பாடமும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடையும் நாம், முதலில் ஏரியைக் காண்கிறோம். காப்பித் தோட்டங்களின் பசுமையில் மனத்தைப் பறிகொடுக்கிறோம். சேர்வராயன் மலையுச்சியிலுள்ள குகைக்கோயில் வரை சென்று திரும்புகிறோம். மாலை வேளையில் ‘லேடீஸ் சீட்’ எனப்படும் பாறை விளிம்பில் நின்று, கீழே விரிந்து கிடக்கும் சேலம் நகரையும் அதற்கப்பால் நீல நிறத்தில் மங்கித் தெரியும் குன்றுகளையும் நோக்குகிறோம். அவ்வாறு நிற்கும்போது நம் மாணவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதோ தெரியும் அந்தக் குன்று இங்கிருந்து எத்தனை கல் தொலைவு? அங்கே நடந்து செல்லாமல், நின்ற இடத்திலிருந்தே அதனைச் சொல்ல இயலுமா?

இயலும். அதற்குரிய வழி பெரிய ஆராய்ச்சி நூல்களில் மறைந்து கிடக்கவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் முக்கோணவியல் பாடத்திலேயே அது இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம் என்று பலர் கருதும் அந்தப் பாடத்தைக் கொண்டு ஒரு மனிதர் இந்தியத் தீபகற்பத்தையே அளந்தார். ஏழைக் குடியில் பிறந்து, பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாமல், கணிதம் ஒன்றையே கைவிளக்காகக் கொண்டு உயர்ந்த அவர் பெயர் வில்லியம் லாம்டன். மேல்நிலை வகுப்பில் எப்பிரிவை எடுப்பது என்று நம் இல்லங்களில் ஆண்டுதோறும் விவாதம் எழுகிறது. இவ்வேளையில் அவர் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

பள்ளிப் பருவம்

லாம்டன் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் வட யார்க்ஷயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் பிறந்தார். பெற்றோர் எளியவர்கள். கலப்பை பிடிப்பதே அவருக்கும் விதியாக இருந்திருக்கும். ஆனால் சிறுவனின் கணக்குத் திறனை அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சிலர் கண்டுகொண்டனர். அவர்கள் உதவியால் நார்த்தலர்ட்டன் இலக்கணப் பள்ளியில், அறக்கட்டளை மாணவராக அவருக்கு இடம் கிடைத்தது. அவ்வுதவி இல்லையெனில் பின்னர் நிகழ்ந்தவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. ஊர்ப் பெரியவர்கள் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்பில் கருத்துச் செலுத்துவதால் விளையும் பயனை அளந்து சொல்ல எக்கருவியும் போதாது.

அவருக்குக் கணிதத்தில் மேற்பயிற்சி அளித்தவராகக் கூறப்படுபவர் நியூகாசில் நகரத்துக் கணித ஆசிரியர் சார்லஸ் ஹட்டன். ஹட்டனின் வரலாறும் நாம் அறியத்தக்கதே. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இளமையில் தாமும் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். கணிதத்தால் ஆசிரியராகி, 1773-இல் வுல்விச் இராணுவக் கல்விக்கூடத்தின் கணிதப் பேராசிரியரானார். சுரங்கத்தின் இருளிலிருந்து வெளியேறிய ஒருவர் பண்ணைச் சேற்றிலிருந்து மற்றொருவரைக் கைதூக்கிவிட்டார் எனலாம்.

காத்திருந்த ஆண்டுகள்

கணிதம் படித்த உடனே வாழ்வு மலர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யுரையாகும். 1781-இல் லாம்டன் படையில் மிகத் தாழ்ந்த அதிகாரி நிலையில் சேர்ந்தார். வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு நியூ பிரன்சுவிக் பகுதியில் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து பிரித்துக் கொடுக்கும் பணி அவர் கணித அறிவை நாடி வந்தது. ஆனால் அதன்பின் படைவீரர் குடியிருப்பைக் கண்காணிக்கும் பதவியிலேயே பல்லாண்டுகள் கழிந்தன. பதவி உயர்வு இல்லை. அவரை அறிந்தவரும் இல்லை. அந்நாளில் சூரிய கிரகணம் ஒன்றைப் புகையேற்றிய கண்ணாடியின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வையும் பெரிதும் பழுதுபட்டது.

இந்த நீண்ட தனிமையை அவர் வீணாக்கவில்லை. கணித நூல்களையும் வானியல் நூல்களையும் புவியின் வடிவத்தை ஆராயும் நூல்களையும் கற்றுத் தேர்ந்தார். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் நம் இளைஞர்கள் இப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிப்பார்களாக. அறிவு சில வேளைகளில் வங்கியில் இட்ட வைப்புத்தொகை போன்றது. முதிர்வதற்குக் காலம் பிடிக்கும்.

திசை காட்டிய விண்மீன்கள்

1790-களின் பிற்பகுதியில் அவர் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஜெனரல் பெயர்டு என்பவரின் கீழ்ப் பணியாற்றினார். திப்பு சுல்தான் தம் நாட்டைக் காக்கப் போராடி மே 4-ஆம் நாள் உயிர்துறந்த போர் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய நாள்களில் ஓர் இரவு, பெயர்டின் படை இருளில் அணிவகுத்துச் சென்றது. படை தெற்கே செல்வதாக எல்லோரும் எண்ணியிருக்க, விண்மீன்களை நோக்கிய லாம்டன், வடக்கே திப்புவின் பாசறையை நோக்கிச் செல்கிறோம் என எச்சரித்தார். பெயர்டு முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்தபின் ஒப்புக்கொண்டு படையைத் திருப்பினார்.

இந்நிகழ்ச்சியை நாம் மகிழ்ச்சியோடு எழுதவில்லை. திப்பு சுல்தான் அறிவியலை மதித்தவர். ஏவுகணைப் படை வைத்திருந்தவர். பெரும் நூலகம் கொண்டிருந்தவர். ஆயினும் அந்த இரவில் விண்மீன்களைப் படிக்கத் தெரிந்தவர் எதிரணியில் இருந்தார். அறிவு யார் கையில் இருக்கிறதோ அவர்க்கே துணை நிற்கும்; அது குலமும் நாடும் பார்ப்பதில்லை. இதனை உணர்வது நமக்குக் கசப்பாயினும் மருந்தாகும்.

சங்கிலியும் முக்கோணமும்

போர் முடிந்ததும், கீழ்க்கடலிலிருந்து மேல்கடல்வரை தீபகற்பத்தைக் கணித முறைப்படி அளக்கும் திட்டம் ஒன்றை லாம்டன் முன்வைத்தார். ஆட்சியாளருக்குத் தேவை நிலப்படம். லாம்டனின் உள்ளத்திலோ அதனினும் பெரிய நோக்கம் இருந்தது. புவி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். எவ்வளவு தட்டையானது என்பதைத் துல்லியமாக அறிய, நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பாகையின் நீளத்தை அளக்க வேண்டியிருந்தது.

வேண்டிய கருவிகள் எளிதில் கிட்டவில்லை. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள பெருங்கோணமானி இலண்டனில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது. வழியில் அக்கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அது அறிவியற் கருவி என்பதை அறிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைமைக்கு நடுவிலும் கல்விக்கு மதிப்பளித்த செயல் இது.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அளவை தொடங்கியது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை வைத்து, ஏழரைக் கல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தனர். வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரப்பெட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானி வைத்து வெப்பத்தைக் கணக்கிட்டனர். ஏழரைக் கல்லை அளக்கப் பல வாரங்கள் ஆயின. இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. முதற்கோட்டில் நேரும் சிறு பிழை, அதன்மேல் எழுப்பும் அத்தனை முக்கோணங்களிலும் பெருகிக்கொண்டே போகும். அடிப்படைக் கணக்கில் தடுமாறும் மாணவர் மேல்வகுப்பில் படும் துன்பத்துக்கு இதனைவிடச் சிறந்த உவமை இல்லை.

அதன்பின் நிலத்தில் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கி இரு கோணங்களை அளந்தால் போதும். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதால் மூன்றாவது கோணம் தெரிந்துவிடும். சைன் விதியைக் கொண்டு எஞ்சிய இரு பக்கங்களின் நீளமும் கிடைக்கும். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகளாகும். இவ்வாறு குன்றுக்குக் குன்று முக்கோணச் சங்கிலி தாவிச் செல்லும். ஓரிடத்தில் மீண்டும் ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கிட்ட நீளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வர். புவியின் வளைவுக்காகச் செய்யும் திருத்தங்கள் கடினமானவை. ஆனால் இந்த முறையின் உயிர்நாடி நம் பள்ளிப் பாடமே.

கிழக்கு மேற்காகச் சென்ற அளவை, சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம், அந்நாளைய படங்கள் காட்டிய 400 கல் அன்று, 360 கல்லே என்று காட்டியது. நாற்பது கல் அகலமுள்ள நிலம் தாளின்மீது மட்டுமே இருந்திருக்கிறது! கணிதம் ஆள்வோரின் விருப்பத்துக்காக நிலத்தை நீட்டுவதுமில்லை, சுருக்குவதுமில்லை.

நம் மலைகளினூடே

தெற்கு வடக்காகச் சென்ற முக்கோணத் தொடரே பின்னர் ‘பெருவில்’ எனப் புகழ்பெற்றது. அது கிழக்கு நெடுங்கோடு 78 பாகையைத் தழுவி ஓடியது. நம் ஏற்காடும் அந்த 78 பாகைக் கோட்டுக்கு மிக அண்மையிலேயே அமைந்துள்ளது. 1804-இல் பெங்களூரில் ஓர் அடிக்கோடும், 1806-இல் கோவைப் பகுதியில் மற்றோர் அடிக்கோடும் அளக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் குன்றுகளே. முக்கோண அளவைக்கு மலையுச்சிகள் வேண்டும். சேர்வராயன் மலையில் நின்று நாற்புறமும் நோக்குவோருக்கு, இந்நிலம் அவ்வளவைக்கு எத்துணை ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்று ஏற்காட்டுக்குச் சாலை இல்லை. ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டதும் குடியேறியதும் இதற்குப் பின்னரே. மலையாளிப் பழங்குடி மக்களே இக்காடுகளின் வழிகளை அறிந்திருந்தனர். காட்டைத் திருத்தியும், கருவிகளைத் தோளில் சுமந்தும், கொடி பிடித்தும், காய்ச்சலில் மடிந்தும் அந்த அளவைக்கு உழைத்த எண்ணற்ற நம் நாட்டவர் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரே குன்றின்மீது சுமை தூக்கியவரும் ஏறினார். கோணம் அளந்தவரும் ஏறினார். ஒருவர் பெயர் வரலாற்றில் நின்றது. மற்றவர் பெயர் காற்றில் கலந்தது. இருவரையும் பிரித்தது ஆட்சியதிகாரம் என்பது உண்மை. அதனோடு ஒரு பாடமும் சேர்ந்து பிரித்தது என்பதையும் நாம் மறுக்க இயலாது.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி மோதி, அதன் பெருவட்டம் உருக்குலைந்தது. மற்றொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பார். லாம்டன் ஆறு வார காலம் தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்டு, ஆப்புகளும் திருகுகளும் கொண்டு அந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அதே கருவியுடன் பணி தொடர்ந்தது. தெற்கே குமரிமுனை வரையிலும், வடக்கே தக்காணம் வரையிலும் முக்கோணங்கள் நீண்டன.

1817-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818-இல் அவர் பணி ‘மாபெரும் முக்கோணவியல் அளவை’ எனப் பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்தார். 1823 ஜனவரி 20-ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் ஹிங்கன்காட் என்னுமிடத்தில் கூடாரத்திலேயே லாம்டன் உயிர்நீத்தார். அப்போது 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலப்பரப்பு அளந்து முடிக்கப்பட்டிருந்தது. அவர் கல்லறை இன்றும் அவ்வூரிலேயே உள்ளது.

அவர் வழியில் வந்தோர்

லாம்டனின் வாழ்வைவிட, அவர் பணியால் வாழ்வு பெற்றோர் வரலாறே நம் மாணவர்க்கு மிகவும் பயன்படும். 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்களுள் கணக்கில் வல்லவர்களைத் தேர்ந்தெடுத்து அங்குப் பயிற்றுவித்தனர். பெற்றோரும் பொருளும் இல்லாத அச்சிறுவர்களுக்குக் கணக்கே தாயும் தந்தையுமாயிற்று. அவர்களுள் ஒருவரான ஜோசுவா டி பென்னிங் லாம்டனின் முதன்மை உதவியாளராக உயர்ந்தார். அந்தச் சிறு பள்ளியே படிப்படியாக வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகிறது. அக்கல்லூரியில் இடம் வேண்டிக் கணித மதிப்பெண்ணை எண்ணிக் காத்திருக்கும் மாணவர் எவரும், தாம் அந்த ஆதரவற்ற சிறுவர்களின் வழித்தோன்றல் என்பதை அறியார்.

ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன் அவர்களையும் நாம் மறத்தலாகாது. நுண்கைத்தொழில் வல்லவரான அவர், ஆங்கிலக் கல்வி பெறாதவர். ஆயினும் அளவைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் நிகரற்றவராக விளங்கினார். பெருங்கோணமானிகளைச் சீரமைத்து எவரெஸ்டின் பெரும் பாராட்டைப் பெற்றார். ஐரோப்பியர் வகித்துவந்த கணிதக் கருவியாளர் பதவி பின்னர் அவருக்கே வழங்கப்பட்டது. கல்கத்தா இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்ற இராதாநாத் சிக்தார் 1831-இல் கணிப்பாளராகச் சேர்ந்தார். பதினைந்தாம் சிகரம் என எண்ணிடப்பட்டிருந்த இமயச் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்பது அவர் கணக்கீட்டால் தெரியவந்தது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் இடப்பட்டதும், கணக்கிட்டவர் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்ததும் வேறு கதை.

புவியை அளக்கும் கலை மேற்குலகில் மட்டும் பிறந்ததன்று. 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபா மாமூன், ஒரு பாகையின் நீளத்தை அறியச் சிஞ்சார் சமவெளிக்கு அறிஞர்களை அனுப்பினார். 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி, பஞ்சாபின் நந்தனா கோட்டைக் குன்றின்மீது நின்று, அடிவானம் தாழும் கோணத்தை அளந்து புவியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இயற்கணிதத்துக்கு அல்ஜிப்ரா என்னும் பெயர் வந்ததே அல்குவாரிஸ்மியின் நூற்பெயரால். தமிழ் மரபோ எழுத்துக்கு முன்பாக எண்ணை வைத்துப் போற்றியது. இத்தனை செல்வத்துக்கும் உரியவர்களாகிய நாம், கணக்கு வராது என்று ஒரு பிள்ளையை ஒதுக்கலாமா?

நாம் செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்பு முடிந்து மேல்நிலை வகுப்பில் சேரும் அந்த ஒரு வாரத்தில் நம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்குரிய பல கதவுகள் திறக்கின்றன, பல மூடுகின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான 200 தர மதிப்பெண்களில் கணிதத்துக்கு மட்டும் 100. கணிதம், இயற்பியல், புள்ளியியல் ஆகிய பட்டப்படிப்புகளுக்கும் கட்டடக் கலைக்கும் அது வேண்டும். தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் வழியே கடற்படையிலும் வான்படையிலும் சேர விரும்புவோர் இயற்பியலோடு கணிதமும் படித்திருக்க வேண்டும். பொருளியலில் உயர்படிப்பு, காப்பீட்டுக் கணிப்பியல், கணினித்துறை ஆகியவற்றிலும் கணிதம் அறிந்தவர்க்கே முன்னேற்றம். லாம்டன் சங்கிலியால் செய்ததை இன்று செயற்கைக்கோள்கள் செய்கின்றன. அவற்றை இயக்குவதும் கணிதமே.

கணிதம் படியாதவர் வாழ்வில் உயரமாட்டார் என்று நாம் கூறவில்லை. மருத்துவமும் சட்டமும் வணிகமும் இலக்கியமும் உயர்ந்த துறைகளே. தமிழ்த்துறையிலிருந்து எழுதும் நாம் அதனை மறுப்போமா? விருப்பத்தால் கணிதத்தை விடுவது வேறு. அச்சத்தால் விடுவது வேறு. முன்னது தேர்வு, பின்னது இழப்பு. ஒரு வகுப்பில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணுக்காகவோ, பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்னும் பேச்சுக்காகவோ, தனிப்பயிற்சிக்குப் பொருளில்லை என்பதற்காகவோ ஒரு பிள்ளை கணிதத்தைக் கைவிடுமானால், அக்குற்றம் அப்பிள்ளையுடையதன்று, நம்முடையது.

ஆசிரியப் பெருமக்கள் வாய்பாட்டோடு நின்றுவிடாமல், பள்ளி வளாகத்திலேயே ஒரு கயிற்றையும் கோணமானியையும் கொடுத்து, தென்னை மரத்தின் உயரத்தைக் காணச் செய்வார்களாக. சமுதாயப் பெரியவர்கள் நார்த்தலர்ட்டன் ஊரார் செய்ததைப் போல, கணக்கில் ஆர்வமுள்ள ஓர் ஏழைப் பிள்ளையைத் தேடிக் கண்டு அதன் படிப்புக்குப் பொறுப்பேற்பார்களாக. மாணவர்கள் முதல் அடிக்கோட்டைப் பிழையின்றி அளப்பார்களாக; எஞ்சிய முக்கோணங்கள் அதன்மேல் எழும்.

அடுத்த முறை ஏற்காட்டு மலை விளிம்பில் நிற்கும்போது, எதிரே தெரியும் குன்றைப் பார்த்து, அதன் தொலைவை நாமே கணக்கிடலாம் என்று ஒரு மாணவர், ஒரு மாணவி எண்ணினாலும் போதும். இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.